மூத்தவனுக்கு வைத்திருந்த உருமால்

உருமால் என்றால் தலையில் கட்டுகிற துணி. எங்கள் வாயில் அது உருமா. அப்பா வயலுக்குக் கட்டிக்கொண்டு போனால் வெயிலுக்கு. கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டினால் மரியாதைக்கு. அப்பனோ ஆத்தாவோ செத்த பதினாறாம் நாள் தாய்மாமன் மூத்த மகனுக்குக் கட்டினால், இனி வீட்டுக்கு நீதான் பொறுப்பு என்று அர்த்தம். ஒருவனுக்குக் கட்டியதை அவிழ்த்து இன்னொருவனுக்குக் கட்டமாட்டார்கள்.

தொண்ணூறுகளில் அப்பா கோச்சடை வீட்டில் இறந்தபோது அண்ணன் திருப்பூரில் இருந்தான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போய் நாலு வருஷம். தந்தி கொடுத்தோம், பதில் இல்லை. கொள்ளி நான் வைத்தேன். பதினாறாம் நாள் மாமா உருமாவைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும் பாப்பமேப்பா, மூத்தவன் வந்துருவான்" என்று அம்மா கெஞ்சினாள்.

"அவனா? வந்து கிழிச்சான்! நீங்க கட்டுங்க மாமா" என்றேன் நான்.

எனக்கு அது வேண்டியிருந்தது. படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டியவன் நான் அல்லவா? கட்டிக்கொண்டு சபைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். அம்புட்டுப் பெருமை, தூ!

முதல் பந்தி எழுந்திருக்கும்போது அண்ணன் வாசலில் நின்றான். என் தலையைத்தான் முதலில் பார்த்தான்.

"ரூம் மாறிட்டேன்டா. நேத்துத்தான் தந்தி கைக்கு வந்துச்சு."

என் கை தலைக்குப் போனது. மாமா பிடித்துக்கொண்டார். "அவுக்கக் கூடாதுப்பா."

"இருக்கட்டும் மாமா. அவனுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான் அண்ணன். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் போனான். அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு உருமா எடுக்கக் கோரிப்பாளையம் போனேன். கடைக்கார பாய் துணியை விரித்துக்கொண்டே, "இது ரூமால்தானே அண்ணே. பார்சியில, அதான் பாரசீக பாஷையில, ரூன்னா முகம். முகம் துடைக்கிற துணி. நீங்கதான் தலைக்கு ஏத்திட்டீங்க" என்று சிரித்தார். அன்றைக்கு அண்ணன் முகம் துடைத்த கைக்குட்டைதான் கண்ணில் வந்து நின்றது. துணி எடுக்காமல் வந்துவிட்டேன். அந்தக் கடை முக்கில் எவனாவது கைக்குட்டையால் முகம் துடைத்தால் இன்றும் நின்று பார்க்கிறேன்.

அப்புறம் அம்மாவும் போனாள். பழைய திருப்பூர் விலாசத்துக்கே மறுபடியும் தகவல் அனுப்பினேன். பதினாறாம் நாள் மாமா தாம்பாளத்தோடு வந்தார். மத்தியானமாயிற்று. பந்தி முடிந்து இலைகளையும் எடுத்துவிட்டார்கள்.

"எம்புட்டு நேரம்ப்பா? கட்டிரவா?"

"இன்னும் கொஞ்சம் பாப்போம் மாமா" என்று வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன்.