மார்வெல்லாவின் லேசான கை

எங்கள் கட்டடத்தில் தலை பின்னத் தெரிந்தவர்கள் எட்டுப் பேராவது இருப்பார்கள். ஆனால் லிஃப்ட் ஓடாத வாரத்திலும் ஆறு மாடி ஏறி வருகிறவர்கள் என் அக்கா மார்வெல்லாவைத் தேடித்தான் வருவார்கள். அவள் பின்னினால் வலிக்காது. நான்காவது மாடி கார்லீனின் மகள் சீப்பைப் பார்த்தாலே அலறுகிறவள். அவளே அக்காவின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, கையில் பாதி கடித்த கோழி இறக்கையோடு தூங்கிப்போயிருக்கிறாள். எங்கள் பேட்டையான பிரவுன்ஸ்வில் முழுக்க அக்காவுக்கு இருந்த சொத்து அந்த ஒரு பெயர்தான்: லேசான கை.

காத்திருப்பவர்கள் உட்காரும் சோபாவுக்கு மேலே, சுவர் முழுக்க ராப் இசைப் பத்திரிகைகளின் அட்டைகளை நான் ஒட்டியிருந்தேன். ஐந்து வருடச் சேமிப்பு. அக்கா பின்னிக்கொண்டே அவற்றைப் பார்த்துத் திட்டுவாள்.

"ஒருத்தனாவது பல்லைக் காட்டறானா பாரு. புது ஷூவ எவனோ மிதிச்சிட்ட மாதிரியே எல்லாரும் முறைக்கறாங்க. பொண்ணுங்களுக்கு என்னடான்னா சட்டையே கெடைக்கல. நம்ம தெருவுல இப்படியா இருக்கோம்?"

"அப்படி இருந்தாதான் விக்குமாம்," என்பேன்.

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சுவரில் இருந்த எழுபது முகங்களிலும் ஓய்வாக இருந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பது உண்மை.

அந்தச் சுவரில் சீக்கிரமே லட்ரெல் பூனின் முகமும் வரப்போகிறது என்ற செய்தி, 1996 ஏப்ரலில் எங்கள் கட்டடத்துக்கு வந்தது. லட்ரெல் இரண்டாவது மாடியில் வளர்ந்தவள். இப்போது ராப் பாடகி, மேடையில் அவள் பெயர் மிஸ் பிரிக். அவள் பாட்டு வானொலியில் ஒரு நாளைக்கு ஆறு முறை வரும். 'கார்னர்' பத்திரிகை அவளை அட்டையில் போடப்போகிறது. முதல் அட்டை.

எல்லோரும் கத்திக் கொண்டாடினார்கள். அக்கா மட்டும் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். ஏனென்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் இருவரும் ஜோடியாகப் பாடியவர்கள். கீழே துணி துவைக்கும் அறையில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று அங்கேதான் பாடுவார்கள். முதல் அடி அக்கா, இரண்டாவது அடி லட்ரெல். பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அக்கா பள்ளியை விட்டாள், தலை பின்னத் தொடங்கினாள். லட்ரெல் மட்டும் பாடிக்கொண்டே இருந்தாள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அதனால்தான் அக்காவால் யாரிடமும் கோபப்பட முடியவில்லை. வானொலியில் மிஸ் பிரிக் வந்தால் எழுந்துபோய் நிலையத்தை மாற்றுவாள், அவ்வளவுதான்.

படம் எடுப்பதற்கு முந்தின நாள் காலையில் லட்ரெல் வந்து நின்றாள்.

"நாளைக்குப் படம்டி. உன்னைத் தவிர யாரும் என் தலையைத் தொடக் கூடாது."

"நாளைக்கா? மூணு நாள் முன்னாடி வரணும்னு தெரியாது? புதுப் பின்னல் தளர வேணாமா?"

"உன் கைதானே, தளரவே வேணாம்."

அக்காவுக்கு அது பிடித்தது. லட்ரெலைத் தரையில் மெத்தை போட்டு உட்காரவைத்து, முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். வால் சீப்பால் வகிடு எடுத்தாள். பச்சை டப்பாவிலிருந்த முடிக் களிம்பை வகிட்டில் தடவினாள். தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னிக்கொண்டே பின்னந்தலையிலிருந்து முன்னே வந்தாள். மத்தியானம் வரை சிரிப்பும் பழைய கதையுமாகத்தான் போனது. முன்நெற்றி வரிசைகள் மட்டும் பாக்கி.

லட்ரெல் கையில் ஒரு தாள் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் கேட்கப்போகும் கேள்விகள். என்னிடம் கொடுத்து, "நீ கேளு, நான் சொல்லிப் பாக்கறேன்" என்றாள்.

நான் கேட்டேன். "யார் கூட பாட ஆரம்பிச்சீங்க?"

"தனியா," என்றாள் லட்ரெல். "துணி துவைக்கிற ரூம்ல, நானும் எதிரொலியும்."

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கி அக்காவின் விரல்களைப் பார்த்தேன். முட்டிகள் வெளுத்திருந்தன. 'அக்கா' என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் பார்வை என்னை உட்காரவைத்துவிட்டது.

"ஸ்ஸ்... மார்வெல்லா, இழுக்குதுடி."

"முன்னாடி முடி சின்னது. அப்படித்தான்."

என் அக்கா வாயிலிருந்து அந்தப் பொய்யை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போனோம். முடியோரங்களைச் சரிசெய்ய அக்காவும் வரவேண்டும் என்று லட்ரெல் பிடிவாதம் பிடித்தாள். பழைய கிடங்கு ஒன்றைப் படக்கூடமாக மாற்றியிருந்தார்கள். படம் எடுப்பவள் இமெல்டா என்ற போர்ட்டோ ரிக்கோக்காரி. பத்திரிகை சார்பில் வந்திருந்தவர் பெயர் க்ளைவ். ஹார்லெம்காரர், எங்களைப் போல் கறுப்பர், எந்நேரமும் கடிகாரத்தைப் பார்க்கிறவர்.

"செங்கல் சுவர், தோல் ஜாக்கெட், முறைப்பு," என்றார் க்ளைவ். "முறைக்கப் பிடிக்கலன்னா ஜாக்கெட்டோட ஜிப்பைக் கழட்டிடலாம். ரெண்டுல ஒண்ணு."

"முறைக்கறேன்," என்றாள் லட்ரெல்.

முறைக்க முடியவில்லை. நெற்றித் தோல் முழுவதும் மேலே இழுபட்டு, புருவங்கள் உயரப் போய் நின்றுவிட்டன. கோபப்பட்டால் ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. இன்னும் கோபப்பட்டால், பிறந்தநாளன்று விளக்கைப் போட்டு எல்லோரும் கத்தினால் விழிப்போமே, அந்த மாதிரி இருந்தது. முடியோரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வேறு கிளம்பியிருந்தன.

"என்னம்மா இது? பயப்படறியா?"

"இல்ல. முகம் கீழ வரமாட்டேங்குது."

"பதினோரு மணிக்கு இன்னொரு குழு வருது. நாலு பசங்க. அவங்களுக்கு முறைக்க நல்லாவே தெரியும். அட்டை அவங்களுக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது என்ன என்று எழுத வேண்டுமே என்றுதான் இத்தனை நாள் தயங்கினேன். அது சந்தோஷம். கதவோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, லட்ரெல் தோற்பதை அவள் ஒரு வாய் இனிப்புபோல வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது லட்ரெலின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுகை இல்லை, வலி. இமெல்டா அருகில் போய் நெற்றியோரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதை யாரு பின்னினது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அக்காவைக் கதவிலிருந்து பெயர்த்தது. "நான்தான்," என்றாள். "வெந்நீர் இருக்கா? ஒரு துணி குடுங்க. லட்ரெல், வந்து உக்காரு."

ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போட்டு அக்கா உட்கார்ந்தாள். லட்ரெல் அந்தத் தோல் ஜாக்கெட்டோடு தரையில் அமர்ந்தாள். அக்கா வெந்நீர்த் துணியை நெற்றியோரத்தில் ஒற்றி, சீப்பின் வாலை ஒவ்வொரு பின்னலின் அடியிலும் நுழைத்து, மெல்ல மெல்லத் தூக்கித் தளர்த்தினாள். நான்காவது பின்னல் தளர்ந்தபோது லட்ரெல் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண்ணை மூடி, அக்காவின் முழங்காலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு, கார்லீனின் மகள் தூங்கும்போது வருகிற மாதிரி.

கேமரா சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு நிற்காமல்.

"இமெல்டா, என்ன பண்றே?" என்றார் க்ளைவ். "தூங்கறவ படத்தை எவன் வாங்குவான்?"

"உங்க வீட்ல பொம்பளைங்க தலை பின்னிக்கும்போது எப்படி உக்காருவாங்க?"

"இப்படித்தான். அதுக்கு?"

"அதை எந்த அட்டையிலயாவது பாத்திருக்கீங்களா?"

க்ளைவ் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார்.

மே மாத இதழ் வந்தது. பிட்கின் அவென்யூ பத்திரிகைக் கடையில் ஏழு அட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஆறு முகங்கள் முறைத்தன. ஏழாவது கண்ணை மூடி, யாரோ ஒருத்தியின் முழங்காலில் சாய்ந்திருந்தது. கடை வாசலில் நின்றவர்கள் சண்டையே போட்டார்கள்.

"இவளா மிஸ் பிரிக்? என் தங்கச்சி மாதிரி இருக்கா."

"அதான்டா நல்லா இருக்கு."

"கோபமான பாட்டுக்கு இந்த மூஞ்சியா?"

"ஏன், கோபக்காரி தலை பின்னிக்க மாட்டாளா?"

அட்டையில் அக்காவின் முழங்கால்களும் இரண்டு கைகளும் இருந்தன. மணிக்கட்டுக்கு மேலே வெட்டியிருந்தார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். உள்ளே பேட்டியில் இருந்த இரண்டு வரிகளைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒன்று, 'தனியாகத்தான் ஆரம்பித்தேன்.' இன்னொன்று, 'என் தலையைப் பின்னும் தோழிக்குக் கை கொஞ்சம் கனம். அந்த வலியால்தான் இந்தப் படமே கிடைத்தது!'

அந்த வாரம் சோபாவில் யாரும் இல்லை. கார்லீன் மகளை மூன்றாவது மாடியில் தலை பின்னுகிறவளிடம் அழைத்துப்போனாள். "தப்பா நெனைக்காதே மார்வெல்லா, குழந்தை பயப்படறா," என்றாள். மறுத்துப் பேச அக்காவிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: வேண்டுமென்றே செய்தேன். கை கனம் என்று பெயர் வாங்குவதா, மனசு கெட்டவள் என்று பெயர் வாங்குவதா? பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை லட்ரெல் வந்தாள். கட்டடத்துக்கு முன்னால் பெஞ்சுகளைச் சுற்றி முப்பது நாற்பது பேர். எல்லோருக்கும் பத்திரிகையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆறு மாடியும் இறங்கி வந்த அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

"உன் பேட்டியில ஒரு தப்பு இருக்கு."

"என்னடி?"

"என் கை கனம்னு போட்டிருக்கு."

லட்ரெல் சிரித்தாள். "கனம்தானே! மூணு நாள் நெத்தியத் தொட முடியல."

"கை இல்லடி. பொறாமை."

கையெழுத்துக்கு நீட்டிய பத்திரிகைகள் அப்படியே நின்றன. யாரோ கீழ்க்குரலில் "அம்மாடியோ" என்றார்கள்.

"வேணும்னேயா இழுத்தே?"

"முன்னாடி ஏழு வரிசை மட்டும். நீ 'தனியா'ன்னு சொன்ன எடத்துலேர்ந்து. பின்னாடி வலிச்சுதா? சொல்லு, எல்லார் முன்னாடியும் சொல்லு. பின்னாடி வலிச்சுதா?"

லட்ரெல் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் முறைப்பதா வேண்டாமா என்று யோசித்தது. இப்போது அவளால் முறைக்க முடியும். பின்னல் ஆறு வாரப் பழசு.

"இல்ல," என்றாள் கடைசியில். "பின்னாடி வலிக்கல."

"அவ்வளவுதான். அதைத்தான் கேக்க வந்தேன்."

அக்கா திரும்பி நடந்தாள். லட்ரெல் பின்னாலிருந்து கத்தினாள். "முதல் அடி உன்னோடதுன்னு சொல்லியிருந்தா அவங்க உன்னையும் கூப்பிட்டிருப்பாங்க. எனக்கு மட்டும் பொறாமை இல்லேன்னா நெனைக்கறே?"

அக்கா நின்றாள். ஆனால் திரும்பவில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. லட்ரெலின் வண்டி கிளம்பிப் போனது. அக்கா படியேறினாள்.

ஐந்தாவது மாடி திரும்பும்போது கீழேயிருந்து மூச்சிரைக்கும் சத்தம். கூட்டத்தில் நின்று எல்லாம் கேட்ட கார்லீன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"மார்வெல்லா! இவமேல உனக்கு ஒண்ணும் பொறாமை இல்லையே?"

"அவளுக்கு நாலு வயசு, கார்லீன்."

"அப்ப கதவைத் தெற."