ஜன்னல் பக்கம் மட்டும்

எங்கள் அதிராம்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெட்டியோடு வருவது மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுக்கு. வாப்பா மாடியை எனக்கும் கீழ்வீட்டைத் தங்கைக்கும் எழுதி வைத்திருந்தார். ஆண்கள் வளைகுடாவுக்குப் போவார்கள், பெண்கள் உம்மாவுடனேயே இருந்துவிடுவோம். அந்த வழக்கத்தை மீறி ஷார்ஜாவுக்குப் போனவள் நான். குடும்ப விசா என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போய்ப் பார்த்தால் ஒரே ஒரு அறை. அதே ஃப்ளாட்டில் இன்னும் இரண்டு குடும்பங்கள். சமையலறையில் எனக்கு ஒதுக்கிய நேரம் காலையில் அரை மணி. மச்சான் ஆறரைக்குக் கிளம்பினால் களைத்துப்போய் இரவில்தான் வருவார். நல்ல மனுஷர், கணவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பகல் முழுக்க நான் யாரிடம் பேசுவது? ஊரில் வாய் ஓயாத என்னைப் பார்த்து, இவளுக்குப் பேச்சு வருமா என்று பக்கத்து அறைக்காரி கேட்டாளாம்.

அந்த அறையில் பார்க்கும்படி இருந்தது ஜன்னல் மட்டும்தான். வெள்ளிக்கிழமை உம்மா வீடியோவில் வரும்போது புதுத் திரைச்சீலை தெரியும்படி நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொள்வேன். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னால், "வீடு கலைஞ்சு கெடக்கு உம்மா, அப்புறம் காட்டுறேன்" என்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாப்பாவும் சவூதியிலிருந்து நல்லாயிருக்கேன் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்த கதை அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான்கு வருடம் கழித்து ஊரோடு திரும்பி வந்தோம். அப்போது தங்கைக்குக் குவைத் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமானதும் கூடவே அழைத்துப்போவாராம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் அவள். உம்மாவையும் மச்சானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ராத்தா, நீ சொன்னா வேலைய விட்டுட்டுப் போறேன்."

உண்மையைச் சொன்னால் என் நான்கு வருடப் பொய் வெளியே வரும், மச்சானுக்கும் தலைகுனிவு. நல்லாயிருக்கும், போ என்றேன். எனக்கு மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை அவள் வீடியோவில் வந்தாள். போய் ஏழு மாதமாகிறது. முகம் வாடியிருந்தது, பின்னால் ஒரு ஜன்னல், பளிச்சென்று திரைச்சீலை. உம்மா வீட்டைக் காட்டச் சொன்னார்.

"கலைஞ்சு கெடக்கு உம்மா, அப்புறம் காட்டுறேன்."

உம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். எனக்கும் அங்கே ஒரு அறைதான், நானும் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் பேசினேன் என்று சொல்லிவிட்டு, கேமராவைத் திருப்பச் சொன்னேன். மெல்லத் திருப்பினாள். ஒரு கட்டில், கொடியில் ஈரத்துணி, மூலையில் அவள் இங்கிருந்து கொண்டுபோன பெட்டி. பாதித் துணி இன்னும் அதற்குள்ளேயே இருந்தது.

"கீழ்வீடு ஒம் பேர்லதான் இருக்கு, வந்துடும்மா" என்றார் உம்மா. அவள் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

உம்மா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் தெரிஞ்சுமா அவளைப் போகச் சொன்னே?"