'எடுக்கலாமா' எடுக்காத பஸ்

எங்கள் ஷெட்டில் என் அக்கா புருஷனுக்குப் பேர் 'எடுக்கலாமா'. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் வாட்ச்மேனே "யாரு அது?" என்பார். கல்யாணம், சுற்றுலா என்று வாடகைக்குப் போகும் பஸ்களை ஓட்டுகிறவர். அதே ஷெட்டில் புக்கிங் பார்ப்பவள் நான். அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவர் மறந்தாலும் நான் மறக்க விட்டதில்லை.

அதற்கு முன்பு லாரியில் இரும்பு ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். இரும்புக்கு வாய் கிடையாது, ஏறினால் ஏறியதுதான். அந்தப் பழக்கத்தில், பஸ்ஸுக்கு வந்த புதிதில், பெட்ரோல் பங்கில் மாப்பிள்ளையையே விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெண் வீட்டார் சீட்டுக்கடியில் எல்லாம் குனிந்து தேடினார்களாம். அன்றிலிருந்து, "எடுக்கலாமா?" என்று திரும்பிக் கேட்டு, உள்ளே இருப்பவர்களில் ஒருத்தராவது "எடுங்க" என்று சொல்லாமல் வண்டியை நகர்த்த மாட்டார். ஏஜென்ட் சொன்னாலும் செல்லாது, ஏறி உட்கார்ந்தவர்தான் சொல்ல வேண்டும். அக்காவோடு ஸ்கூட்டரில் போனாலும் இதே கூத்துதான். "இவரைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு சிக்னல் கம்பத்தைக் கட்டியிருக்கலாம்" என்பாள் அவள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு ஜனங்கள் ஓடி வந்தார்கள். அவர்களை ஊருக்கு வெளியே ஒரு பழைய நூல் கிடங்கில் தங்க வைத்தார்கள். பேச்சு எல்லாம் நம் பேச்சுதான். எங்கள் ஷெட்டைப் பெருக்க வந்த பெண் அவர்களில் ஒருத்தி. அவள் புருஷன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார், படையில் சேர மாட்டேன் என்றவர். திரும்பிப் போனால் எல்லையிலேயே பிடித்துக்கொள்வார்கள், உயிரோடு விட மாட்டார்கள் என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு வக்கீலம்மா வழக்குப் போட்டிருந்தார். தீர்ப்பு வர வேண்டிய நாளன்று காலையிலேயே, அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரியும் போலீஸும் வந்து, எங்கள் முதலாளியிடம் இரண்டு பஸ் பேசி, அத்தனை பேரையும் ஷெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் தள்ளிவிட வேண்டும், அவ்வளவு அவசரம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, "பாவம், ஊர் ஏக்கம். அவங்களாவே போறாங்க" என்றார் அதிகாரி. அவங்களாவே போகிறார்கள் என்றால் சுற்றி நிற்கிற போலீஸ் கையில் தடி எதற்கு? ஏக்கத்தைத் தட்டிக் கொடுக்கவா?

அந்த வாத்தியாரையும் சேர்த்து ஆண்களை முன் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன் டிரைவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். பெண்களும் பிள்ளைகளும் இருந்த பஸ்ஸில் மாமா ஏறி உட்கார்ந்தார். பழக்கம் விடுமா, திரும்பிக் கேட்டார்.

"எடுக்கலாமா?"

இன்னொரு தடவை கேட்டார். ஷெட்டைப் பெருக்குகிற பெண் முன் சீட்டில் இருந்தாள்.

"வேணாண்ணே" என்றாள்.

அதிகாரி படிக்குக் கீழே நின்று கத்தினார். "யோவ், நான் சொல்றேன், எடுய்யா!"

"நீங்க ஏறலையே சார். ஏறுனவங்க சொல்லணும்."

"எல்லாரும் சம்மதிச்சுத்தான்யா போறாங்க!"

"அப்பச் சரி சார். சம்மதிச்சவங்கள்ல ஒரே ஒருத்தர் 'எடுங்க'ன்னு சொல்லட்டும். இப்பவே எடுக்கிறேன்."

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதலாளி ஓடி வந்தார். "ஏம்பா, என் பொழப்பைக் கெடுக்கறியே! நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"சரிங்க" என்றார் மாமா. சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உங்க மாமாவுக்கு நீயாவது சொல்லும்மா!"

"மாமா, எடுக்காதீங்க!" என்றேன், ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி. ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போனது.

வேறு டிரைவருக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த ஆள் வருவதற்குள் வக்கீலம்மா கோர்ட்டுத் தடையோடு வந்துவிட்டார். பெண்கள் இறங்கினார்கள். முன் பஸ் என்ன ஆயிற்று என்று வக்கீலம்மா கேட்டார். அதிகாரி போனில் விசாரித்துவிட்டு, "எல்லையைத் தாண்டிடுச்சும்மா. தாண்டுனது தாண்டுனதுதான்" என்றார். ஏதோ பார்சலைத் தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்ட மாதிரி! உயிருக்குப் பயந்து அடைக்கலம் என்று வந்தவர்களைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கடமை இல்லையா? கடமையைச் செய்யத் துப்பில்லை, அதற்கு 'விருப்பம்' என்று பேர் வேறு. வெட்கங்கெட்டவர்கள்.

மாமா மறுபடி லாரியில் இரும்பு ஏற்றுகிறார். யாராவது பாராட்டினால் எரிந்து விழுகிறார். "பாதிப் பேர் போய்ட்டாங்கய்யா, இதுல என்ன பெருமை?"

அந்தப் பெண் முன் பஸ் ஓட்டியவரைத் தேடிக்கொண்டு தினமும் டீக்கடைக்குப் போகிறாள். நேற்று நானும் துணைக்குப் போனேன். எங்களைக் கண்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றேன்.

"அண்ணே, அங்க என் வீட்டுக்காரரை யாராச்சும் புடிச்சிட்டுப் போனாங்களா?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? கதவைத் தொறந்தேன், எறங்குனாங்க, வண்டியைத் திருப்பிட்டேன்."

"கண்ணாடி போட்டிருப்பாரு. அது இல்லாட்டி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எறங்குறப்ப அது முகத்துல இருந்துச்சா? அதையாவது சொல்லுங்கண்ணே."

"நான் யாரையும் பாக்கலம்மா" என்றார் அவர்.