தாண்டிப்போன பூத்தட்டு

அந்தப் பூத்தட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மாசாயில் ஒரு மண்டபம், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. வாசலில் சந்தனம், குங்குமம், பக்கத்தில் துண்டு துண்டாக நறுக்கி வைத்த மல்லிகைச் சரம். வந்த பெண்களுக்கெல்லாம் எங்கள் பெரியம்மாதான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கொடுத்தார். அடுத்து நின்ற அக்காவின் முன்னால் தட்டு சற்றே தயங்கியது, பிறகு அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. புருஷனை விட்டு வந்தவளுக்குப் பூ எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நீட்டிய கையை அக்கா மெல்ல மடக்கிக்கொண்டாள். அவளை அடித்துத் துரத்தியவன் அதே ஊரில் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். அவனை எந்தத் தட்டும் தாண்டிப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பாசிர் கூடாங் ஃபாக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து வந்த அக்காவின் மோட்டார் சைக்கிள் கூடையில், செய்தித்தாளில் சுற்றிய மஞ்சள் செவ்வந்தியும் சம்பங்கியும் இருந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கிடம் கேட்டு, வேலியோரம் பூத்திருந்த காந்தான் பூவில் இரண்டு வெட்டிக்கொண்டாள். லக்சா நூடுல்ஸ் குழம்பில் நறுக்கிப் போடுவோமே, அந்த இளஞ்சிவப்புப் பூதான். சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு, காம்புகளைச் சரிவாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளையெல்லாம் உருவிப் போட்டு, பழைய ஊறுகாய் ஜாடியில் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். காந்தான் பூவை நடுவில் வைக்காமல் ஓரமாகச் சாய்த்து வைத்தாள். ஜாடியைத் தூக்கி வந்து ஹால் மேசையில், வாசலைத் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில் வைத்தாள். எங்கள் வீட்டில் பூ என்றால் சாமிக்கு, இல்லாவிட்டால் தலைக்கு. காம்போடு தண்ணீரில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கமே கிடையாது. “சமையல் பூவப் போய் ஹால்ல வெக்கிறியே” என்றார் அம்மா. “ஏம்மா, அது சட்டியிலதான் அழகா இருக்குமா?” என்றாள் அக்கா. அன்றிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் அந்த மேசை வெறுமையாக இருந்ததில்லை.

ஒரு நாள் உலு திராமிலிருந்து வந்த பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அலமாக், என்னடி இது, சாவு வீடு மாதிரி!” என்றார். அக்கா தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “செத்தாத்தான் எனக்குப் பூ போடுவீங்கன்னா, அதுவரைக்கும் காத்திருக்க முடியாது பெரிம்மா. இப்பவே வாங்கிக்கிறேன்.” எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவின் முகம்தான் செத்துப்போனது. அக்கா சொல்லுக்கு எதிராக அம்மா வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சொல்வது அம்மாவின் அக்காவை, அதாவது இந்தப் பெரியம்மாவை.

அதே பெரியம்மாதான் எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் நல்ல வேலை, கூலாயில் சொந்த வீடு. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், அம்மா துணி மடித்துக்கொண்டே அக்காவிடம், “நாளைக்கு ஓ.டி. ஏதும் இல்லியாம்மா?” என்று கேட்டார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “இல்லம்மா. வீட்டுலதான் இருப்பேன்” என்றாள். அம்மா தலை குனிந்துகொண்டார். “அப்ப கிச்சன்லயே இருந்துக்க. தங்கச்சிக்காக.” அப்படியென்றால் நான் சேலையே கட்டமாட்டேன் என்று கத்தினேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். “கத்தாத லா. உனக்குப் பிடிச்சா நடக்கட்டும். அவங்க போனதும் வெளிய வந்துட்டுப் போறேன்.”

மறுநாள் விடிந்ததும் எழுந்து, வழக்கத்தைவிடப் பெரிதாக, வெள்ளை ஆர்கிட்டும் சம்பங்கியுமாக ஜாடியை நிரப்பிவிட்டுத்தான் அவள் கிச்சனுக்குள் போனாள். வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததைவிட அந்தப் பூவைத்தான் அதிகம் பார்த்தார். “ரொம்ப அழகா இருக்கே, யாரு வெச்சது?” என்று கேட்டார். பெரியம்மா முந்திக்கொண்டார். “எல்லாம் நம்ம பொண்ணு கைவேலைதான்.” என் காதெல்லாம் சூடாகிவிட்டது. “இல்லீங்க, எங்க அக்கா வெச்சது” என்றேன். அந்த அம்மா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “அக்காவா? ஒரே பொண்ணுன்னுல்ல சொன்னீங்க?”

எனக்கும் அப்போதுதான் தெரியும். அக்காவை ஒளித்து வைத்தது மட்டுமில்லை, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்! பெரியம்மா என் தொடையைக் கிள்ளினார். அம்மா தரையைப் பார்த்தார். அதற்குள் கிச்சன் திரையை விலக்கிக்கொண்டு அக்காவே வந்துவிட்டாள். ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே, “வணக்கங்க. நான்தான் மூத்தவ. டிவோர்ஸ் ஆயிடுச்சு. பாசிர் கூடாங்ல வேலை செய்றேன். காப்பிக்குச் சீனி போதுமா?” என்றாள். வந்தவர்கள் மரியாதையாகக் காப்பியைக் குடித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் பெரியம்மா ஆடித் தீர்த்துவிட்டார். “தானும் வாழல, கூடப் பொறந்தவளையும் வாழ விடல” என்று சொல்லிக்கொண்டே, ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் குப்பைத்தொட்டிக்கு நடந்தார். நான் எழுவதற்குள் அம்மா குறுக்கே போய் நின்றார். “கீழ வைங்கக்கா. அது என் பெரிய மக வெச்சது.” பெரியம்மா வைக்கவில்லை. அம்மா ஜாடியைப் பிடுங்கினார். தண்ணீர் சிந்திப் பட்டுச்சேலையெல்லாம் நனைந்தது. அதுவரை கண் கலங்காத அக்கா, அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த வரன் போனதற்கு நான் ஒரு நாளும் வருந்தவில்லை, வருந்தவும் மாட்டேன். அக்காவை முதலில் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு என்னைப் பார்த்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதும் விசேஷங்களில் அக்காவைக் கண்டால் சிலருக்குக் கை தயங்கத்தான் செய்கிறது. அம்மா விடுவதில்லை. நேராகப் போய் ஒரு கையில் என்னையும் மறு கையில் அக்காவையும் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே, மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்லிவிடுகிறார்: “எனக்கு ரெண்டு பொண்ணு. இவதான் பெரியவ.”