சூப்பர்வைசர் ஓடி வருகிறார்

எனக்கு எந்த விளையாட்டிலும் ஜெயிக்கத் தெரியாது. போனில் எந்த கேமைத் திறந்தாலும் முதல் ஆளாகச் சாகிறவள் நான்தான். கார் கொடுத்தால் கடலில் விடுவேன், துப்பாக்கி கொடுத்தால் என் கட்சிக்காரனையே சுடுவேன். ஆனால் தோற்றுத் தோற்றே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. என்னை இவ்வளவு அழகாகத் தோற்கடிக்கிற புண்ணியவான்கள் யார், இதை எப்படிச் செய்கிறார்கள், நானும் ஒன்று செய்து நாலு பேரைத் தோற்கடித்தால் என்ன?

மண்ணூரில் ஒரு மாடி வீட்டில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறோம். மூவருக்கும் வல்லம் வடகாலில் ஒரே கம்பெனி, ஒரே லைன். காரின் முன்விளக்கு செய்கிற இடம். விளக்கு நகர்ந்து வரும், கீறல் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன், அது போகும், அடுத்தது வரும். நான் கோவில்பட்டிப் பக்கம். இன்னொருத்தி மதுரைப் பக்கம். மூன்றாவது ஆள் அரக்கோணத்து அக்கா.

எங்கள் வீட்டின் பெரிய ஆட்டக்காரி அக்காதான். ஷிப்ட் முடிந்து வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத பையன்களை "டேய், பின்னாடி வர்றான், இன்னாடா பாத்துகினு கீறே!" என்று அதட்ட ஆரம்பித்துவிடுவாள். புது கேம் எதுவானாலும் அக்கா கொடுப்பது ஐந்து நிமிடம். பிடித்தால் இருக்கும், இல்லாவிட்டால் அழித்துவிடுவாள். ஊர் உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடும் கேம்களை எல்லாம் டீ ஆறுவதற்குள் அழித்திருக்கிறாள். நான் செய்யப்போகும் கேம் அக்காவின் போனில் நிலைக்க வேண்டும். அது நிலைத்தால் போதும், எனக்கு வேறு பரிசு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பாலிடெக்னிக்கில் புரோகிராமிங் ஒரு பாடமாக இருந்தது. பகா எண் கண்டுபிடிக்கிற புரோகிராமை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்து, ஒரு எழுத்துக்கூடப் புரியாமல் பாஸானவள் நான். இப்போது வீடியோக்களைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். லேப்டாப் கிடையாது. எல்லாம் போனில்தான், அதிலும் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில்தான். ஒரு அடைப்புக்குறி போடுவதற்குள் கீபோர்டை மூன்று முறை மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும், விரல் எங்கோ விழும், திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் என்னைத் திட்டும்.

ஒருநாள் காலை, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது, ஒரு வெள்ளைக் கட்டம் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போனது. நான் போகச் சொன்னேன், அது போனது! நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பஸ் பாதி எழுந்துவிட்டது. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எதுனா வுட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லண்ணே, நவுந்துருச்சு!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கம்பெனிக்குள் போனுக்கு அனுமதி இல்லை, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆனால் எனக்கு நல்ல யோசனை எல்லாம் லைனில் நிற்கும்போதுதான் வரும். மறந்துவிடக் கூடாதே என்று, "மூணு விட்டா நிறுத்து, மூணு விட்டா நிறுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே விளக்குகளைப் பார்ப்பேன். சூப்பர்வைசர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, "சாமி கும்பிடுறதெல்லாம் வீட்டோட வச்சுக்கம்மா" என்றார்.

நான் செய்த கேம் எங்கள் லைன்தான். எனக்குத் தெரிந்தது அதுதானே? விளக்குகள் நகர்ந்து வரும், கீறல் உள்ளதை விரலால் தொட வேண்டும். மூன்றைக் கோட்டைவிட்டால் லைன் நின்றுவிடும், ஆட்டம் முடிந்தது.

லைன் நிற்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று சுவரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அமுக்கினால் லைன் நிற்கும், சிவப்பு விளக்கு சுழலும், பிறந்தநாள் விழாவில் போடுவது போல ஒரு இசை ஒலிக்கும், சூப்பர்வைசர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடி வருவார். மறுநாள் காலை மீட்டிங்கில், அமுக்கிய ஆளை முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதனால் பட்டனை யாரும் லேசில் தொடமாட்டோம்.

கேமில் அந்த இசையை வாயால் முனகிப் பதிவு செய்தேன். சூப்பர்வைசரை நானே வரைந்து ஓடவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் தொப்பை ஒருதரம் குலுங்கும். கழுத்தில் இருக்கும் அடையாள அட்டை தோளுக்குப் பின்னால் பறக்கும். அந்த அட்டையைப் பறக்கவிட மட்டும் மூன்று நாள் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இருவர் போனுக்கும் அனுப்பினேன். மதுரைக்காரி முதலில் ஆடினாள். ஒரு விளக்கைக்கூடத் தொடவில்லை. மூன்று கீறல் போனது, இசை வந்தது, சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவள் பாயில் விழுந்து புரண்டு சிரித்தாள். மறுபடி ஆடினாள், மறுபடியும் ஒன்றையும் தொடவில்லை.

"கீறல் இருக்கதத் தொடணும்ட்டி" என்று சொல்லிக்கொடுத்தேன்.

"தெரியும்டி. தொட்டா அவரு ஓடி வரமாட்டாருல்ல?"

அக்காவும் அப்படியேதான் ஆடினாள். வேண்டுமென்றே தோற்று, கண்ணில் நீர் வரச் சிரித்து, இன்னொரு தரம் தோற்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாவது தடவை முடிந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

"ஆளு ஓடறது சூப்பரா கீதுடி. ஆனா இது கேமு இல்ல."

"சரியா ஆடுனா பத்து லெவல் இருக்குக்கா. நீங்க வேணும்னே தோத்தா எப்பிடி?"

"சரியா ஆடறதுக்குத்தான் கம்பெனி கீதே. அங்க சம்பளம் குடுத்து ஆடச் சொல்றான். லீவு நாள்ல ஓசில எதுக்குடி ஆடணும்?"

என் கண் முன்னாலேயே அழித்துவிட்டாள். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். மூன்று தோசை சாப்பிட்டேன், ஆனால் யாரோடும் பேசாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் லைனில் எனக்கு நாலு இடம் தள்ளி நிஜமாகவே ஒரு மெஷின் சிக்கிக்கொண்டது. அங்கே நின்ற பெண் வேறு வழியில்லாமல் பட்டனை அமுக்கினாள். இசை ஒலித்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார், அடையாள அட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. அக்கா சட்டென்று குனிந்துகொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. மதுரைக்காரி முகக்கவசத்துக்குள் இருமுவதுபோல நடித்தாள்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். ஒருத்தி கழுத்தைச் சொடுக்கினாள், ஒருத்தி காலை மாற்றி நின்றாள், ஒருத்தி வெகுநேரமாக அரித்த மூக்கை ஆசை தீரச் சொறிந்தாள். லைன் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். அக்கா சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. லைனை ஓட்டுவதில் எங்களுக்கு என்ன விளையாட்டு இருக்கிறது? நிறுத்துவதில் அல்லவா இருக்கிறது! கேமை நான் தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறேன். ஷிப்ட் முடியும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவர் திரும்புனா கையை எடு, அவர் திரும்புனா கையை எடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப்போட்டேன். இப்போது ஆடுகிறவள் வேலை, பிடிபடாமல் லைனை நிறுத்துவது. சூப்பர்வைசர் லைனின் மறு கோடிக்குப் போனதும் பட்டனை அமுக்க வேண்டும். அவர் ஓடி வந்து முறைக்கும்போது விளக்கிலேயே கண்ணாக நிற்க வேண்டும். போகப் போக அவர் வேகம் கூடும், மேனேஜர் சேர்ந்துகொள்வார். நாலாவது லெவலில் வெள்ளைத் தொப்பி போட்ட வெளிநாட்டு விருந்தாளிகள் கூட்டமாக வருவார்கள், அவர்கள் திரும்புவதற்குள் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பிடிபட்டால், 'நாளைக்கு மீட்டிங்கில் நில்' என்று திரையில் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அவள் போனில் ஏற்றிவைத்துவிட்டு, அதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"கடைசியா ஒரு தடவ பாருங்கக்கா."

நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் லெவலில் சூப்பர்வைசர் ஓடி வந்தார், அக்கா சிரிக்கவில்லை. இரண்டிலும் சிரிக்கவில்லை, மூன்றிலும் சிரிக்கவில்லை. நாலாவதில் பிடிபட்டாள். போனைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு பக்கெட் பக்கம் திரும்பினாள். ஒரு சுடிதாரை அலசினாள், பிழிந்தாள், உதறினாள். நான் கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். கொடியில் பாதி போட்ட சுடிதாரை அப்படியே விட்டுவிட்டு வந்து, ஈரக் கையோடு போனை எடுத்தாள். மறுபடியும் நாலாவது லெவலில் மாட்டிக்கொண்டாள்.

"ச்சே! அந்த வெள்ளத் தொப்பிங்க திரும்பறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம்டி வச்சிகீறே?"

அந்த எண்ணை எழுதியவள் நான். சொல்லிவிடத் துடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "ரெண்டு செக..." என்பதற்குள் அக்கா சோப்புக் கையால் என் வாயைப் பொத்திவிட்டாள்.

"சொல்லாதே! சொன்னே, கொன்னுடுவேன். நானே கண்டுபுடிச்சுக்கறேன்."

வாயெல்லாம் நுரை. துப்பக்கூடத் தோன்றாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.