முயலுக்கு ஒரு ரியூப் துண்டு

நாயாற்றுக் கடற்கரையில் ஒரு மீன்வாடியில் கொஞ்சக்காலம் கருவாடு காயப்போட்டேன். எந்த வேலையிலும் நிலைக்காத கால் எனக்கு. அங்கிருந்து கிளம்பியபோது வாடிக்காரரின் மனைவி ஒரு வெள்ளை முயலை ஓலைக் கடகத்தில் வைத்துத் தந்தார்.

"இதின்ரை தாய் தன்ரை மயிரை நக்கித் திண்டுதான் செத்தது. வயித்தை வெட்டிப் பாத்தா வலைச்சிக்கு மாதிரி ஒரு உருண்டை. இதுக்கும் மயிர் கழரேக்கை கவனம், தம்பி."

மல்லாவியில் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்றில் வேலை கிடைத்தது. படுக்கையும் அங்கேயே. மாரி முடிந்து வெயில் ஏறியதும் முயலுக்கு மயிர் கழலத் தொடங்கியது. கொட்டில் முதலாளியை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் தேத்தண்ணிக்குள் விழுந்த மயிரை விரலால் எடுத்துக் காட்டினார்.

"டேய், இதைக் கறியாக்கு. இல்லாட்டி மொட்டை அடி. ரெண்டுக்கும் கத்தி தீட்டித் தாறன்."

"முதல்லை உங்கடை தலையைப் பாருங்கோ அண்ணை. அதிலையும் கழருது."

சிரிப்பு அவ்வளவுதான். முயலின் புழுக்கைகள் மயிரில் கோத்த மணிகளைப்போல் விழுந்தன. பிறகு சிறுத்தன. ஒரு நாள் காலையில் ஒன்றுமே விழவில்லை. அகத்திக் குழையையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தாய் போன வழியில் இதுவும் போகிறது என்று விளங்கிவிட்டது. கழலுகிற மயிரை அது நக்குவதற்கு முன் நான் எடுத்துவிட வேண்டும். எதனால் எடுப்பது?

போரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவில் இருந்த அக்கா பேன்சீப்போடு வந்தார்.

"நகையை விட்டிட்டு வந்தன், இதை விடேல்லை. இந்தா. ஆனா முயலுக்கு இது சொறியடா. வேப்பெண்ணெய் பூசு."

"பூசினா அதையும் நக்கும், அக்கா."

எதையும் முதலில் என் முழங்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்ப்பேன். அங்கே எரிந்தால் முயலுக்கு ஆகாது. முயலின் தோல் வெங்காயச் சருகுபோல மெல்லியது. பேன்சீப்பு என் தோலிலேயே கோடு போட்டது. சப்பாத்துப் பிரஷ் மேல்மயிரை மினுக்கியதே தவிர அடியில் கிடந்த பஞ்சைத் தொடவில்லை. சட்டி தேய்க்கும் தேங்காய்த் தும்பைக் கண்டதும் முயல் உதைத்தது.

ஓட்டை பார்க்க ஒரு சைக்கிள் ரியூபைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தபோதுதான் கண்டேன். நனைந்த றப்பரில் முயல் மயிர் அடையாக ஒட்டியிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒட்டுப்போடும் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் சுற்றித் தடவினேன். முயல் பெருவிரலைக் கடித்துவிட்டது. துண்டில் காய்ந்த பசை இருந்திருக்கிறது. கழலாத மயிரையும் பிடுங்கிவிட்டது. சைக்கிள்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை.

பசை படாத துண்டொன்றை வெட்டும்போது அண்ணை பாய்ந்து வந்தார்.

"டேய், ஒட்டுக்கு வைச்ச ரியூப்! சாமானுக்குத் தடை போட்ட நேரத்திலை எங்கையடா ரியூப் கிடைக்குது?"

"முயல் மட்டும் கிடைக்குதோ, அண்ணை?"

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். துண்டை அரத்தால் லேசாகச் சுரண்டி, நனைத்து உதறி, கழுத்திலிருந்து வால்வரை மயிர் போகும் போக்கில் தடவினேன். பஞ்சு திரியாகத் திரண்டு வந்தது. முயல் கண்ணை மூடிக்கொண்டது.

ஏற்கெனவே உள்ளே போன மயிரும் வெளியே வரவேண்டும். வயிற்றை மெல்ல நீவினேன். சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். கூட்டில் அடைக்காமல் கொட்டிலுக்குள் ஓடவிட்டேன். ஓடினால்தான் குடல் அசையும்.

அடுத்தநாள் மத்தியானம் அண்ணையின் சத்தம் கேட்டது.

"ஐயோ, உன்ரை மகாராசா என்ரை நட்டுக் கழட்டிற சாவிப்பெட்டிக்குள்ளை போட்டிட்டார்!"

"போட்டிட்டுதோ? கனக்கவோ?"

"நான் எண்ணிச் சொல்லவோடா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். புழுக்கைகள் மயிர் கோத்து, நீண்டு, கல்லுப்போலக் கிடந்தன. வேலியோரத்தில் அறுகம்புல் பிடுங்கிவந்து நீட்டினேன். முயல் என் கையிலிருந்து பறித்துத் தின்றது.