பிரெஞ்சுக்காரன் கைத்துப்பாக்கிக்கு நான் சொன்ன தீர்ப்பு

பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் ஒரு கடை போட்டேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. நிலக்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கியவர்களின் துப்பாக்கிகள்தான் என் பிழைப்பு. ஆனால் கோட்டை இருக்கிற ஊரில் அதோடு விடுவார்களா? ஏர் உழும்போது தட்டுப்பட்ட இரும்பையெல்லாம் கோணியில் சுற்றிக்கொண்டு வந்து, "இது ராஜா காலத்துதா பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் வண்டி அச்சாணியாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மாதா கோயிலைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். துண்டைப் பிரித்து ஒரு கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். சிக்கிமுக்கிக் கல் வைத்துச் சுடுகிற பழைய மாதிரி. பிடியிலும் விசைக்கு அடியிலும் பித்தளை.

"எங்க நைனாவோட பாட்டனுக்குப் பாட்டன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சிப்பாயா இருந்தாராம். அவரு கொண்டாந்தது சார். எங்க நைனா சாகிறவரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. போன திருவிழால ஒருத்தன், இது கூத்துக்காரன் போட்டுட்டுப் போன துப்பாக்கின்னுட்டான். கூட்டமே சிரிச்சிட்டுது. நெசமா பொய்யான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

கையில் எடுத்தேன். பித்தளை நேற்று வார்த்ததுபோல் பளபளத்தது. இரும்பிலும் பொட்டுத் துரு இல்லை. பட்டாளத்து ஆயுதம் என்றால் எங்காவது முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத சாமானை அங்கே உள்ளே விடமாட்டார்கள். லென்ஸ் வைத்துத் தேடினேன். எங்கும் வழவழவென்றுதான் இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பட்டாளத்து சரக்கு இல்லீங்க இது. எவனோ அழகுக்கு செஞ்சிருக்கான்."

"நல்லா பாத்துட்டீங்களா சார்?"

"பதினெட்டு வருசம் இதே வேலயா இருந்தவன் நான்" என்றேன் எரிச்சலோடு.

அவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கோடையில் வேறொருவரின் துப்பாக்கியைப் பார்க்க அந்த ஊருக்கே போக வேண்டி வந்தது. வழியில் அந்தக் கைத்துப்பாக்கிக்காரர் பார்த்துவிட்டு, வெயிலாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துக்கொண்டே மாடத்தில் இருந்த பித்தளைச் சிலுவையைப் பார்த்தேன். ஏசுவுக்கு முகமே இல்லை. கண், மூக்கு, முள்முடி எல்லாம் மழுங்கிப் போயிருந்தன.

"இன்னாம்மா இப்பிடித் தேஞ்சிருக்குது?"

"வருசா வருசம் திருவிழாவுக்குப் புளியும் செங்கத் தூளும் போட்டுத் தேய்க்கிறதுதாண்ணா. எங்க மாமியாரோட மாமியார் காலத்துலேர்ந்து அப்பிடித்தான். அந்தத் துப்பாக்கியையும் இதோட சேத்துதான் தேய்ப்போம்."

சொம்பை வாயிலிருந்து இறக்கினேன். எத்தனை தலைமுறைப் பெண்கள் தேய்த்திருப்பார்கள்! நான் தேடிய முத்திரை எங்கே இருக்கும்?

"அது எங்க இப்ப?"

அந்த அம்மாள் என் கையிலிருந்த சொம்பைக் காட்டினார். "பித்தளையையும் இரும்புக் கொழாயையும் போட்டு இத வாங்கிட்டோம். கட்டை அடுப்புக்குப் போயிடுச்சி. பொய்ச் சாமான வச்சிக்கினு இன்னா பண்றது?"

விசைப்பகுதி இரும்பு மட்டும் ஆணி போட்டு வைக்கிற தகர டப்பாவில் கிடந்தது. எடுத்து உட்புறத்தை வேட்டி நுனியால் துடைத்தேன். புளியும் செங்கல் தூளும் எட்டாத இடம். சின்னதாக ஒரு கிரீடம், அதன் கீழே இரண்டு எழுத்து: நான் தேடிய பட்டாளத்து முத்திரை. தெளிவாக இருந்தது. கடையிலேயே இரண்டு திருகாணியைக் கழற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பெரிய இவன் மாதிரி கழற்றாமலே சொல்லிவிட்டேன்.

வெட்கத்தில் அந்த விவசாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நெசந்தாங்க. பட்டாளத்து சரக்குதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் அந்த இரும்பை வாங்கி வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த வருசத் திருவிழால, கூத்துக்காரன் துப்பாக்கின்னவன்கிட்ட நானே போயி ஒத்துக்கினேன் சார்" என்றார். "எங்க நைனாதான் பொய் சொல்லியிருக்காருன்னு."